கோங்குராப் போட்டியில் கடைசிப் பெயர்

தார்நாகா,
வியாழக்கிழமை.

அன்புள்ள கனகத்துக்கு,

“நூறு பெரிசா, ஒன்பது பெரிசா? கணக்கு வாத்தியார்தானே, சொல்லுங்கோ” என்று குடியிருப்புக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் நீ என்னைக் கேட்டாய். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் இவ்வளவு சுலபமான கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. நூறு என்று சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். “நூறுதான், ஆனா கம்ப்யூட்டர்…” என்று இழுத்தேன். மறுநாள் நீ நாக்பூருக்கு, உன் அக்கா வீட்டுக்கு ரயிலேறிவிட்டாய். ஃபோனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பிலும் என்னை பிளாக் செய்துவிட்டாய். அதனால்தான் கூரியரில் கடிதம்.

உன் கோபம் நியாயமானது. தெலுங்குக்காரர்கள் நடத்தும் கோங்குரா ஊறுகாய்ப் போட்டியில், நம் ஊர்ப் புளிச்சக்கீரைதான் என்றாலும், ஒரு தஞ்சாவூர்க்காரி நூற்றுக்கு நூறு வாங்குவது சின்ன விஷயமா? தன் அம்மாகூட இப்படிப் போட்டதில்லை என்று நடுவர் சாஹித்யாவே உன்னிடம் சொன்னாள். மைக்கில் அறிவிக்கச் சொல்லி என் கையில் கொடுத்த தாளில் மார்க் இல்லை, பெயர்கள் மட்டும்தான். வரிசையாக வாசித்தேன். கடைசியில் உன் பெயர். உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டு ஒன்பது மார்க் வாங்கிய தேவராஜுக்கு இரண்டாம் பரிசாகக் குக்கர்! போதாக்குறைக்குக் கீழ் வீட்டு அம்மாள், “பர்வா நை மாமி, உங்களுக்குச் சாம்பார் நல்லா வரும்” என்று ஆறுதல் வேறு சொன்னாள்.

முதல் பரிசு பூர்ணாவுக்கு. முடிவைக் கணினியில் போட்டவர் அவள் கணவர் வேணுகோபால். அதனால் இது சதி என்றாய். இல்லை கனகம். சதி செய்யும் அளவுக்கு அவருக்கு ‘ஆர்’ தெரியாது. புள்ளிவிவரங்களைக் கையாளும் அந்தக் கணினி மொழியை ஓய்வு பெற்ற பிறகு ஆன்லைனில் படித்துக்கொண்டிருக்கிறார். இன்னும் பாதிப் பாடம் பாக்கி.

நேற்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெயர்களையும் மார்க்குகளையும் சேர்த்து ஒரே மேட்ரிக்ஸில் போட்டிருந்தார். மேட்ரிக்ஸ் என்பது ஊறுகாய் ஜாடி மாதிரி. நெல்லிக்காயையும் மிளகாயையும் ஒன்றாகப் போட்டால் எல்லாம் ஒரே ருசிக்கு வந்துவிடும். பெயர்களோடு சேர்ந்ததில் மார்க்குகளும் எழுத்துகளாகிவிட்டன. திரையில் உன் நூறைச் சுற்றி மேற்கோள் குறி இருந்தது! பிறகு அதை டேட்டா ஃபிரேம் என்னும் அட்டவணையாக மாற்றியிருக்கிறார். மாற்றினால் ஜாடிதான் மாறும், ருசி மாறுமா? அதை அடுக்கச் சொன்னதும் இயந்திரம் அகராதியைப் போல முதல் எழுத்தைப் பார்த்தே அடுக்கியது. பூர்ணாவின் 95க்கு அடுத்தபடி தேவராஜின் 9, அப்புறம் எண்பதுகள், எழுபதுகள். ஒன்றில் தொடங்கும் 100 எல்லோருக்கும் பின்னால்.

செய்ய வேண்டியது இதுதான்: பெயர்கள் தனி வரிசை, மார்க்குகள் தனி வரிசை. இரண்டையும் அப்படியே டேட்டா ஃபிரேமில் சேர்க்க வேண்டும். அது உன் அஞ்சறைப்பெட்டி மாதிரி. கடுகு கடுகாக இருக்கும், சீரகம் சீரகமாக இருக்கும். ஒரே ஒரு கண்டிப்பு, வரிசைகளின் நீளம் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் தடவை முடியாது என்று இயந்திரம் மறுத்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் ஒரு பெயர் குறைகிறது. பதற்றத்தில் வேணுகோபால் பூர்ணாவையே விட்டுவிட்டார். அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று காலை மனிதர் நம் வீட்டில்தான் காபி குடித்தார்.

விட்ட பெயரைச் சேர்த்ததும் முடிவு சரியாக வந்தது. அதை எடுத்துக்கொண்டு செயலாளர் சந்திரமோகனிடம் போனேன். “நக்கோ சார், வேணாம், சொன்னது சொன்னதுதான். தேவராஜ் அந்த குக்கர்ல ரெண்டு தடவை சோறு ஆக்கிட்டாரு” என்றார். என் மனைவிதான் முதல் என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அவர் புதிய முடிவை வாங்கிப் படித்தார். பிறகு, “ஹவ் சார், சரிதான், ஞாயித்துக்கிழமை மைக்குல மாத்திச் சொல்லிடுவோம்” என்றார். தேவராஜும் திருப்பிக் கொடுக்கக் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

நாக்பூர் வெயில் உனக்கு ஆகாது, மோர் குடி. உன் துளசிக்கு நான்தான் தண்ணீர் விடுகிறேன். அதிகமாக விட்டுவிட்டேனோ என்று கவலையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் ஒரு நாற்காலிக்குத் துண்டு போட்டு வைப்பேன். நீ வந்து உட்காராமல் நான் மைக்கைத் தொடுவதாக இல்லை.

உன் சொல்லுக்குக் காத்திருக்கும்,
சீதாராமன்

பி.கு. பெயர்களையும் மார்க்குகளையும் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அக்கா பிள்ளை ராகேஷின் லேப்டாப்பில் இரண்டு வரிசையாக நீயே தட்டி, டேட்டா ஃபிரேமில் சேர்த்து, பெரிய மார்க்கிலிருந்து அடுக்கச் சொல்லி, முதலில் வரும் பெயரை அக்காவுக்குக் கேட்கும்படி உரக்க வாசித்துப் பார்.