ஒன்பதாம் நம்பர் இல்லாத ஆட்டம்

ஆகஸ்ட் 3, திங்கள்

காலையிலிருந்து புகைமூட்டம். எதிரில் இருக்கும் செம்பனை மரங்களே தெரியவில்லை. துணி துவைக்கவில்லை. காயப் போட்டால் புகை வாடை.

பிள்ளைகள் விவரம் எழுதி வைத்தால் மனத்துக்குத் தெம்பு. மூத்த பேரன் குமரன், ரவாங் தொழிற்சாலையில் இன்ஜினியர், சொந்த வீடு. பேத்தி ஷாமினி, புஞ்சாக் ஆலாமில் மருந்துப் படிப்பு, போன தடவையும் நல்ல மார்க். கடைக்குட்டி யாழினி, ஹாக்கி, ஒன்பதாம் நம்பர் சட்டை. கோலசிலாங்கூரில் ஹாக்கி பார்க்கிறவர்களில் அவளைத் தெரியாதவர் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் வீட்டுப் பிள்ளைகள்! வேறென்ன வேண்டும்.

யாழினியின் வலது முட்டி சரியாக வேண்டும். போன மாதம் ஆட்டத்தில் சட்டென்று திரும்பும்போது விழுந்தாள். உள்ளே நார் கிழிந்திருக்கிறதாம். ஆபரேசன் முடியும்வரை ஓடவே கூடாது, ஓடினால் காலம் பூராவும் கால் இழுக்கும் என்றார் டாக்டர்.

அவள் இல்லாமல் எங்கள் தோட்டத்து ஹாக்கிப் பெண்கள் தோற்றுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆசைப்பட்டேனா? கொஞ்சம். நேற்று ஜெயித்தார்கள். அதற்கு முந்தின ஆட்டமும். யாழினி ஆடிய காலத்தில் அரையிறுதி வாசலைக்கூட மிதித்ததில்லை.

பக்கத்து வீட்டு அஞ்சலை கறிபாப் பலகாரம் சுட்டுக் கொண்டுவந்தாள். யாழினி இடத்தில் இப்போது ஆடுவது அவள் பேத்தி திவ்யா.

"உங்க பேத்தி இல்லாம என்னா ஆகுமோன்னு பயந்துட்டேன் லா அக்கா. பாருங்க, சாமி கண்ணத் தொறந்துருச்சு!"

கறிபாப்பில் உப்பு அதிகம்.

ஆகஸ்ட் 5, புதன்

மழை வரும் போல் இருந்தது. வரவில்லை. அசாம் ஜாவா பக்கம் அரையிறுதி. என் மகன் செல்வம், தன் மகள் யாழினியையும் என்னையும் லோரியில் கூட்டிப் போனான்.

முன்பெல்லாம் பந்து கிடைத்தவள் தலையைத் தூக்கி யாழினி எங்கே என்று பார்ப்பாள். அதற்குள் எதிராளி வந்து பிடுங்கிவிடுவாள். இன்று யாரும் யாரையும் தேடவில்லை. பந்து ஒருத்தியிடமும் நிற்கவில்லை. மூன்று கோல், மூன்றும் வேறு வேறு பிள்ளை. எனக்கே கை தட்ட வந்தது. அடக்கிக்கொண்டேன். யாழினி தட்டினாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

ஆட்டம் முடிந்து கோச் ராமு செல்வத்திடம்: "முன்ன எல்லாரும் ஒருத்திக்கே தபால் கொண்டு போனாங்கண்ணே. இப்பதான் எல்லா வீட்டுக்கும் தபால் போவுது."

பின்னால் யாழினி நின்றதை அவர் பார்க்கவில்லை.

"கரெக்ட்தான் கோச்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 6, வியாழன்

முருங்கைக் கீரை ஆய்ந்தேன். இருமல். வீட்டுக்குப் பின்னால் செம்பனை வரிசைக்குள் யாரோ ஓடும் சத்தம். போகிறது, வருகிறது, மறுபடி போகிறது. புகையில் ஆள் தெரியவில்லை. வெளியே வந்தது யாழினி. டாக்டர் கொடுத்த முட்டிப் பட்டை காலில் இல்லை.

"சும்மா நடந்தேன் பாட்டி."

"நடந்தவளுக்கா இப்படி மூச்சு வாங்குது?"

"சனிக்கிழமை பைனல். கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் இறங்குவேன்."

"அவங்கதான் ஜெயிக்கிறாங்களேடி."

"அதனாலதான் பாட்டி."

செல்வத்திடம் சொல்லிவிட்டேன். "கோச் இறக்க மாட்டாரும்மா, நீ போய்ப் படு" என்றான். அவனுக்கு லோரி டயர் கவலை.

ஆகஸ்ட் 7, ஆடி வெள்ளி

கூழ் நன்றாக வந்தது. மற்றது எதுவும் நன்றாக இல்லை.

பெரிய ஆட்டத்துக்கு முன்னால் பிள்ளைகளின் மட்டைகளை மாரியம்மன் காலடியில் வரிசையாக வைப்பது தோட்டத்து வழக்கம். குங்குமம் வாங்கிய மட்டை மறுநாள் திடலில் இறங்கியே ஆக வேண்டும். இறங்காமல் கிடந்தால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது.

தெரிந்திருந்தும் நான் செய்த வேலை! கூழ்ப் பானையோடு யாழினி மட்டையையும் தூக்கிக்கொண்டு போனேன். வரிசையில் எங்கள் வீட்டு மட்டை இல்லையென்றால் அஞ்சலை முகத்தில் எப்படி முழிப்பது? அந்த ஒரு நினைப்புதான். ஆடப் போகிறவள் இல்லையே என்பது பூசாரி குங்குமத்தை அப்பிய பிறகுதான் உறைத்தது. பூமாலை திவ்யா மட்டைக்கு.

பூசாரியைத் தனியே கேட்டேன். "வச்சது வச்சதுதாம்மா. உங்கள யாரு கொண்டாரச் சொன்னா?"

யாழினி மட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். "ஆத்தாவே சொல்லிட்டா. நீங்கதானே வச்சீங்க பாட்டி?"

ஆகஸ்ட் 8, சனி

புஞ்சாக் ஆலாம் திடல். செல்வத்துக்கு லோடு, வரவில்லை. நானும் அஞ்சலையும் பிள்ளைகளின் பஸ்ஸில். யாழினி உள்ளே ஒன்பதாம் நம்பர் சட்டை போட்டிருந்தாள். மேலே ஜேக்கெட், இந்த வெயிலில்.

கோல் ஒன்றுக்கு ஒன்று. முடியப் போகும் நேரம் திவ்யாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தூக்கி வந்தார்கள். யாழினி ஜேக்கெட்டைக் கழற்றிக்கொண்டு எழுந்தாள்.

"டாக்டர் ஓகே சொல்லிட்டாரு கோச். பாட்டியக் கேளுங்க."

கோச் என் பக்கம் திரும்பினார். "நெசமா பாட்டி?"

மட்டையில் குங்குமம் அப்படியே இருந்தது. அஞ்சலையும் என் வாயையே பார்த்தாள். யாழினி கண்ணில் கெஞ்சல் இல்லை. ஆமாம் என்பேன் என்று நம்பிக்கொண்டு நின்றாள்.

"இல்ல தம்பி. டாக்டர் அப்படிச் சொல்லல. இறக்காதீங்க."

வேறொரு பிள்ளை போனாள். ஜெயித்தார்கள். மேளம், கூச்சல், அஞ்சலை என்னைக் கட்டிக்கொண்டு அழுகை. யாழினி மட்டையைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். திடல் கோட்டுக்கு வெளியே.

பஸ்ஸில் மெதுவாகக் கேட்டாள். "நான் இல்லாமலே நல்லா இருக்குல்ல பாட்டி?"



ஆகஸ்ட் 9, ஞாயிறு

யாழினி ரவாங் போய்விட்டாள், அண்ணன் வீட்டுக்கு. அவளே கேட்டாளாம். ஆபரேசன் வரைக்கும் அங்கேதான் இருப்பாளாம். கிளம்பும்போது எல்லாரிடமும் சொன்னாள், என்னைத் தவிர. முட்டிப் பட்டை நாற்காலியில் கிடக்கிறது. வேறொன்று வாங்கிக்கொள்வாள் என்கிறான் செல்வம்.

ஆகஸ்ட் 10, திங்கள்

குமரனுக்குப் போன் போட்டேன்.

"நான் வேலைக்குக் கிளம்பும்போதே வெளிய போய்ட்டா பாட்டி. பக்கத்துல திடல் இருக்கு, வேடிக்கை பாக்கப் போறேன்னா."

"கால்ல பட்டை போட்டிருந்தாளாய்யா?"

"கவனிக்கல பாட்டி. நல்லாத்தான் இருக்கா. நீங்க ஏன் இப்படி?"

குடும்ப வாட்சப்பில் அவள் படம் ஒன்று போடச் சொன்னேன். உடனே போட்டான். பச்சைப் பாவாடை, கையில் முறுக்கு, சிரிப்பு. தீபாவளிக்கு இந்த வீட்டு வாசலில் எடுத்தது. எனக்கா தெரியாது?

மறுபடி சொல்லி அனுப்பினேன். இது வேண்டாம். புதுசாக எடுத்துப் போடு. இன்றைக்கே. முகம் விழாவிட்டாலும் பரவாயில்லை, முட்டி தெரிய வேண்டும்.