இருபத்து மூன்று வள்ளங்கள்

குருசுத்தீவு நீரொலி நிலையம், மன்னார் வளைகுடா
பதிவர்: ஜெனோவா மச்சாது, ஒலிப் பொறியாளர்

12 ஆகஸ்ட் 2071, 06:10

காற்று: கச்சான், மேற்கிலிருந்து, மிதம். நீரடி ஒலிவாங்கிகள் பதினாறில் பதினொன்று வேலை செய்கின்றன. மின்கலம் 71 விழுக்காடு. குடிநீர் ஒன்பது நாளுக்கு. இரண்டாவது நாற்காலி ஜனவரியிலிருந்து காலி. மாற்று ஆள் வருவார் என்று தலைமை ஏழாவது முறையாகச் சொல்லியிருக்கிறது. வரட்டும், காபி போட்டு வைக்கிறேன்.

05:20க்குத் தூத்துக்குடியிலிருந்து முப்பது வள்ளங்கள் இலங்கைக் கரையில் இருக்கும் கற்பிட்டிக்குக் கிளம்பின. திரும்பும்போது இன்சுலினும் பால்மாவும் ஏற்றி வரும். துறைமுகம் மூடி இரண்டு வருடம் ஆகிறது. இந்த மர வள்ளங்கள்தான் இப்போது எங்கள் கப்பற்படை. எட்டாவது வள்ளத்தை ஓட்டுவது என் வீட்டுக்காரர் ரோமால்ட். இதைப் பதிவில் எழுதத் தேவையில்லை. எழுதிவிட்டேன், அழிக்கப் போவதில்லை.

12 ஆகஸ்ட், 11:30

இதைக் கண்டெடுப்பவருக்கு நிலவரம் தெரிய வேண்டும். கடலடியில் எதிரணியின் தானியங்கிகள் கிடக்கின்றன. ஆள் நீளம், வாலில் விசிறி, வயிற்றில் வெடி. எங்கள் ஆட்கள் அதைக் கெளுத்தி என்கிறார்கள். முள் குத்தினால் கை வீங்குமே, அந்த மீனின் பெயர். அது தேடி அலையாது. படுத்துக் காது கொடுக்கும், சத்தம் கேட்ட இடத்துக்குப் போய் வெடிக்கும். ஒன்று தெரிந்துகொண்டதை எல்லாவற்றுக்கும் சொல்லிவிடும். காலையில் மலாக்காவில் நடந்த சண்டையில் கற்றது, சாயங்காலம் மன்னாரில் கிடப்பதற்குத் தெரிந்திருக்கும். நான்கு வருடத்தில் உலகத்து இரும்புக் கப்பல்கள் அத்தனையும் அடியில் போய்விட்டது இப்படித்தான்.

ஒவ்வொரு சண்டைக்கும் நாங்கள் ஒரு தந்திரம் செய்வோம். அது படித்துக்கொள்ளும். இரும்பை விட்டு மரத்துக்கு மாறினோம், ஐந்து மாதம் தாங்கியது. எஞ்சினை அணைத்துப் பாய் விரித்தோம், ஆறு வாரம். மழையில் மட்டும் ஓடினோம், ஒன்பது நாள். இப்போது நான்காவது. வள்ளத்தின் அடியில் ஓர் ஒலிப்பெட்டி. சாளை மீன் கூட்டம் மேயும் சத்தத்தை எஞ்சின் சத்தத்தின் மேல் போர்த்தும். அந்தச் சத்தத்தைச் செய்தவள் நான். இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறேன்.

12 ஆகஸ்ட், 13:52

முப்பதில் ஒன்றான அந்தோணிப்பிச்சையின் வள்ளத்துக்கு அடியில் சின்ன வெடி. விசிறி போய்விட்டது, ஆட்களுக்குக் காயமில்லை. வள்ளம் நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த ஆறு வள்ளங்கள் கயிறு கட்டி இழுக்கத் திரும்புகின்றன.

14:09. பெரிய வெடிகள், அடுத்தடுத்து. ஏழு வள்ளமும் இல்லை.

14:20. ரோமால்ட் அதில் இல்லை. முதலில் அதைத்தான் பார்த்தேன். இருபத்தெட்டுப் பேர் செத்திருக்கிறார்கள், நான் எட்டாம் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

மிச்சம் இருபத்து மூன்று வள்ளங்கள் கற்பிட்டியை நோக்கிப் போகின்றன.

13 ஆகஸ்ட், 09:15

தலைமையிடமிருந்து செய்தி: “முதல் வெடி சிறியதாக இருந்தது எதிரியின் வெடிமருந்து தீர்ந்துவருவதைக் காட்டுகிறது. பயணங்கள் திட்டப்படி தொடரட்டும்.”

அவர்களுக்கு ஏசி அறையில் உட்கார்ந்து எல்லாம் நன்றாகத் தெரிகிறது. நான் நேற்றைய பதிவை இருபது முறை கேட்டுவிட்டேன். சின்ன வெடிக்கு நான்கு நிமிடம் முன்பே பதினொரு கெளுத்திகள் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாகப் படுத்துவிட்டன. ஒரு வள்ளத்தைக் கொல்ல ஒன்று போதும். மற்றவை அந்தோணிப்பிச்சைக்காக வரவில்லை. அவரைத் தூக்க வருகிறவர்களுக்காகக் காத்துக் கிடந்தன.

எங்கள் கடலில் ஒரு வழக்கம் உண்டு. யார் வள்ளம் நின்றாலும் பக்கத்தில் இருப்பவன் வலையை அறுத்துவிட்டாவது போவான். ஒருவனைக் கடலில் விட்டுவிட்டுக் கரை ஏறினவன் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். செத்திருந்தாலும் உடல் கிடைக்கும்வரை தேடுவார்கள். போர்க்கப்பல்கள் அப்படியில்லை, உத்தரவு வந்தால் விட்டுவிட்டுப் போய்விடும். அதனால் இந்தப் பாடம் அதற்கு மலாக்காவில் கிடைத்திருக்காது. எங்களிடம்தான் படித்திருக்கிறது. என் சாளைச் சத்தத்தை அது எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. பன்னிரண்டு நாளும் சும்மா கிடந்து, நாங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

15 ஆகஸ்ட், 16:40

கற்பிட்டியில் இருக்கும் வள்ளங்களோடு வயர்லெஸ்ஸில் பேசினேன். எல்லாவற்றையும் விளக்கினேன். நாளை திரும்பும்போது எந்த வள்ளம் நின்றாலும் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றேன். முன்வள்ளத்துக் கித்தேரியான் பேசினார்.

“என்ன பேச்சு பேசுத நீ? வுட்டுட்டு வந்து எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கோயிலுக்குள்ள போறது?”

“அண்ணே, அதுக்குத் தெரியும் நீங்க வுட மாட்டீங்கன்னு. அதத்தான் அது எதிர்பாக்குது.”

“தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போட்டும்.”

பிறகு ரோமால்ட் குரல்: “மாமா, அவ காது இதுவரைக்கும் தப்பாச் சொன்னதில்ல. மருந்து போய்ச் சேரணும். எனக்கும் புடிக்கல. ஆனா அவ சொன்னத கேப்போம்.”

அரை மணி நேரம் சண்டை. கடைசியில் இருபத்து மூன்று பேரும் மாதா மேல் சத்தியம் செய்தார்கள், எந்த வள்ளத்துக்காகவும் திரும்புவதில்லை என்று. கித்தேரியான் அழுதது வயர்லெஸ்ஸில் கேட்டது.

சத்தியம் மட்டும் போதாது. எதுவும் நின்றுவிடாமல் அவர்கள் வந்து சேர வேண்டும். என்னிடம் ஐந்தாவது தந்திரம் இருக்கிறது. தீவின் படகுத்துறைக்கு அடியில் இருக்கும் ஒலிபெருக்கியில் தனி வள்ளம் ஒன்று ஓடும் சத்தத்தைப் போடுவேன், சாளைச் சத்தத்தோடு. கெளுத்திகள் இங்கே வரும். பாடப்படி ஒன்று மட்டும் சின்னதாக வெடிக்கும், மற்றவை உதவிக்கு வருகிறவர்களுக்காகக் காத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் வள்ளங்கள் வடக்கே ஒன்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். இதை அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் கிளம்ப மாட்டார்கள்.

16 ஆகஸ்ட், 12:40

ஒலிபெருக்கி ஓடுகிறது. வருகின்றன. ஆறு. ஒன்பது. பதினைந்து. வடக்கு வழியில் ஒன்றுகூட இல்லை. கையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

16 ஆகஸ்ட், 13:25

வள்ளங்கள் நேர் வடக்கே. கித்தேரியானுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். “இன்னும் நாப்பது நிமிசம், அப்படியே நேரா” என்று சொல்லும்போது படகுத்துறைக்கு அடியில் வெடித்தது. சின்ன வெடிதான். படகுத்துறையில் பாதி போய்விட்டது, ஆண்டெனாக் கம்பம் கடலில் கிடக்கிறது, ஒலிபெருக்கி செத்துவிட்டது. நெற்றியில் ரத்தம், பெரிதாக ஒன்றுமில்லை. பதினான்கு கெளுத்திகள் தீவைச் சுற்றிப் படுத்துவிட்டன. நான் கணக்குப் போட்டது அப்படியே நடந்திருக்கிறது.

16 ஆகஸ்ட், 13:33

கைவயர்லெஸ்ஸில் அவர்கள் பேசுவது கேட்கிறது. அதன் சக்தி ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகாது. நான் பேசுவது அவர்களுக்குக் கேட்காது.

கித்தேரியான் குரல்: “ஏளா ஜெனோவா. பேசு. வெடிச் சத்தம் கேட்டுச்சி. பேசுளா.”

“பேசிட்டு இருந்த புள்ள பாதில நிக்கி. ஏலே, புகை தெரியுதுலே அங்க.”

ரோமால்ட் குரல்: “மாமா, சத்தியம் பண்ணிருக்கோம்.”

“வள்ளத்துக்காவ திரும்ப மாட்டோம்னுதான்ல சத்தியம் பண்ணோம். அவ தீவுல இருக்கா. திருப்புங்கல எல்லாரும்.”

முதலில் திரும்பிய எஞ்சின் ரோமால்டுடையது.

16 ஆகஸ்ட், 13:41

இருபத்து மூன்றும் வருகின்றன. மருந்து, பால்மா, எல்லாவற்றோடும். அரை மணி நேரத்தில் கெளுத்திகளின் வட்டத்துக்குள் வந்துவிடுவார்கள்.

பாவிகளா. போய்த் தொலையுங்கள் என்று கைவயர்லெஸ்ஸில் கத்தித் தொண்டை கிழிந்துவிட்டது. வெள்ளைத் துணி ஆட்டலாம் என்று எழுந்தேன். ஆட்டினால் உயிரோடு இருக்கிறேன் என்று இன்னும் வேகமாக வருவார்கள். சும்மா இருந்தால் செத்துவிட்டேன் என்று உடலை எடுக்க வருவார்கள். இவர்களை எதைச் சொல்லித் திருப்புவது? எல்லாருடைய நடத்தையையும் கணக்கில் சேர்த்தேன். நின்றுபோன வள்ளம் நான்தான் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

கோபமாக வருகிறது. அவர் திரும்பாமல் போயிருந்தால் அதைவிடக் கோபம் வந்திருக்கும். இதையும் எழுதிவிடுகிறேன்.

16 ஆகஸ்ட், 13:54

நிலையத்தின் சிறு ஃபைபர் படகு நன்றாக இருக்கிறது. உபரி ஒலிப்பெட்டி ஒன்றும் இருக்கிறது. அதில் 12ஆம் தேதிப் பதிவை ஏற்றியிருக்கிறேன்: உதவிக்கு வந்த ஆறு வள்ளங்கள் நெருங்கும் சத்தம். வட்டத்தின் நடுவில் போய் அதைப் போட்டால், உதவிக்கு ஆட்கள் வந்துவிட்டதாக நினைத்துக் கெளுத்திகள் எல்லாம் ஒன்றாக வெடிக்கும். அப்புறம் வழி சுத்தம். அந்த ஆறு வள்ளத்து ஆட்களும் செத்துப்போனவர்கள். அவர்கள் சத்தத்தை இன்னொரு முறை கடலில் விடுவதற்கு மன்னிக்கட்டும்.

பயமாக இருக்கிறது. மொத்தமாகப் பயமாக இருக்கிறது.

படிப்பவர் தலைமைக்குச் சொல்லவும்: இந்தத் தந்திரம் ஒரு முறைதான் பலிக்கும். ரோமால்டிடம் சொல்லவும்: என்னைத் தேட வேண்டாம். ஏங்க, இந்த ஒரு தடவை நான் சொல்வதைக் கேளுங்கள், கரைக்குப் போங்க

தானியங்கிப் பதிவு, 13:58
படகுத்துறையிலிருந்து எஞ்சின் 1 கிளம்பியது.

தானியங்கிப் பதிவு, 14:02
எஞ்சின் ஒலி 7. வெடி 14. எதிரணித் தானியங்கி 0. எஞ்சின் 1 கேட்கவில்லை.

தானியங்கிப் பதிவு, 14:10
வடக்கிலிருந்து எஞ்சின் 23 வந்து சேர்ந்தன. எஞ்சின் 23 அணைக்கப்பட்டன.

தானியங்கிப் பதிவு, 14:12
மனிதக் குரல்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப. நீரில் ஆட்கள் குதிக்கும் ஓசை.

தானியங்கிப் பதிவு, 15:30
வள்ளம் 23. இடம் மாறவில்லை.

தானியங்கிப் பதிவு, 16:45
தென்மேற்கில் எதிரணித் தானியங்கி 9. தொலைவு 11 கிலோமீட்டர். நெருங்குகின்றன. எச்சரிக்கை அனுப்பப் பதிவரின் ஒப்புதல் தேவை. ஒப்புதல் வரவில்லை.

தானியங்கிப் பதிவு, 17:05
எதிரணித் தானியங்கி 9. தொலைவு 4 கிலோமீட்டர். ஒப்புதல் வரவில்லை. வள்ளம் 23. இடம் மாறவில்லை.