கல்யாணக் கால்சட்டையின் இடது கால்

சியாங் ராய் மலை,
சோளம் உடைத்து முடித்த மறுநாள்

அன்பு மகள் ஃபாமுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இரண்டு பன்றிகளும் நலம். மூன்றாவது பன்றி உன் கல்யாணத்துக்காகக் கொழுத்துக்கொண்டிருப்பதால் அதன் நலம் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. தைவானில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவின் மணிக்கட்டில் போட்ட கட்டை அடுத்த வாரம் பிரிக்கிறார்கள், வாய்க்குக் கட்டு எதுவும் போடாததால் வீடு வழக்கம்போல் நடக்கிறது.

மணப்பெண் தன் கையாலேயே தைக்க வேண்டிய கல்யாணக் கால்சட்டையில் வலது காலை நீயே பூத்தையல் போட்டு முடித்துவிட்டு, வேலையில் நேரமில்லை, இடது காலை அம்மா ரகசியமாக முடிக்கட்டும் என்று பார்சலில் அனுப்பினாய் அல்லவா, அது வந்த அன்றுதான் அவள் சோளக்காட்டில் வழுக்கி விழுந்தாள். உன் வருங்கால மாமியாரோ, கடையில் விற்கும் அச்சுத் துணியில் கால்சட்டை போட்டு வந்தாள் என்பதற்காகவே மூத்த மகனுக்குப் பார்த்த பெண்ணை வேண்டாம் என்றவள். அவள் கால்சட்டையைப் பார்க்க வருகிறாள் என்றதும், கல்யாணம் நின்றுபோனால் நீ தாங்கமாட்டாயே என்று பயந்து, அம்மாவுக்குத் தெரியாமல் சோளக் கொட்டகையில் ஒளிந்து நானே ஊசியைப் பிடித்தேன். சிரிக்காதே. உன் அம்மா தைக்கும்போது முப்பது வருஷம் எதிரில் உட்கார்ந்து புகைபிடித்தவனுக்கு இது கூடவா தெரியாது. புலி நகம், சிலந்தி, பூசணிப்பூ வடிவங்கள் எல்லாம் அச்சு அசலாக வந்தன.

சம்பந்தியம்மா வந்தாள், சாப்பிட்டாள், கால்சட்டையைப் புரட்டினாள், மறுபடி புரட்டினாள். என்ன சம்பந்தி, இடது கால்ல முடிச்செல்லாம் வெளியில தொங்குது, நம்ம மியன் இனத்துப் பொண்ணுக்குத் துணியோட முகமும் முதுகும் தெரியாதா என்று கேட்டாள். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. எம் பொண்ணு மேல தப்பு இல்லீங்க, தைச்சது நான்தான் என்று உளறிவிட்டேன். துணியின் முதுகைத் தன் பக்கம் வைத்துத்தான் நம் பெண்கள் தைக்கிறார்கள் என்பது எனக்கு எங்கே தெரியும், எதிரில் இருந்தவனுக்குத் தெரிந்ததெல்லாம் முகம்தான், முகத்தைப் பார்த்து நான் குத்த, முடிச்சும் அங்கேயே விழுந்துவிட்டது. அதையும் அப்படியே சொன்னேன். அம்மாவின் முகம் அவள் சட்டைக் கழுத்தின் சிவப்புக் கம்பளிப் பட்டைக்குச் சமமாகச் சிவந்துபோனது. சம்பந்தியம்மா தலைப்பாகை அவிழும்வரை சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்க வீட்டு ஆளு ஒரு நாளும் எதிர்ல உட்காந்ததில்ல என்றாள்.

தேதி மாறவில்லை, நிம்மதியாக இரு. ஆனால் இடது காலை நீயேதான் தைக்க வேண்டுமாம். என் முடிச்சுகளைப் பிரிக்கும் தண்டனை உன் மாப்பிள்ளை செங்குக்குக் கிடைத்தது, இரண்டு நாளாக இங்கே உட்கார்ந்து பிரிக்கிறான், விரலெல்லாம் பொத்தல். துணி நாளை பார்சலில் வருகிறது.

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் பகலிலேயே தை. நம் முன்னோர்கள் உன் பக்கம் நிற்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, கல்யாணத்துக்குப் பிறகு நீ தைக்கும்போதெல்லாம் உன் மாப்பிள்ளையை எதிரில் உட்காரச் சொல். ஊசியை மட்டும் கொடுத்துவிடாதே.

ஆசிகளுடன்,
துணியின் முகம் மட்டுமே தெரிந்த உன் அப்பா,
சான் ஃபூ