குடிலைச் சுற்றும் ரயிலுக்கு ஒரு பாயிண்ட்

சட்டைப்பையில் கைவிட்டால் தையல் மிஷின் எண்ணெய் வாசம் இன்னும் வருகிறது. நீ தந்த அச்சுதான் காரணம். உன் பழைய பொம்மை ரயில் பெட்டியிலிருந்து கழற்றிய, இரண்டு குட்டிச் சக்கரம் கோத்த இரும்பு அச்சு. நேற்று அதற்காக உன் மகளோடு மல்லுக்கட்டினேன்.

நீ இல்லாத முதல் கிறிஸ்துமஸ், மச்சான். குழந்தை இயேசுவின் குடிலைச் சுற்றி உன் ரயில் ஓடியே ஆக வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்துப் பாயிண்ட் உடைந்துபோனதால் துபாயிலிருந்து புதிதாக ஒன்று வாங்கி வந்திருந்தாள். அகலம் சரி. கச்சிதமாகப் பூட்டிக்கொண்டது. நான்தான் குனிந்து கீழே பார்த்தேன். இடுப்பு உயரப் பலகைமேல் பாதை, கீழே சிமெண்ட் தரை. குவைத்தில் பழைய சாமான் சந்தையில் நீ பொறுக்கியெடுத்த தகர எஞ்சின், விழுந்தால் அவ்வளவுதான்.

நானும் ஒருமுறை இப்படித்தான் பெருமையாக ஒரு பாயிண்டைக் கொண்டுவந்தேன். நீ கரண்டே கொடுக்கவில்லை. இந்த அச்சை அதன்மேல் உருட்டினாய். டக்கென்று ஏறி நின்றது. பழைய சக்கரத்தின் விளிம்பு உயரம், புதுப் பாயிண்டின் இடுக்கோ ஆழமில்லை. "அகலம் ஒத்தா போதுமா மக்கா? சக்கரத்துக்க உதட்டைப் பாரு" என்றாய். அன்று முழுக்க நான் உன்னோடு பேசவில்லை.

நேற்று, வீடுவீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிவரும் பாட்டுக்காரர்கள் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள். உன் மகள் சுவிட்சில் கைவைத்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க மாமா. அப்பா இருந்தா ஓட்டியிருப்பாவ."

சுருக்கென்று தைத்தது. அச்சை அவள் உள்ளங்கையில் வைத்து, உருட்டிப் பார்க்கச் சொன்னேன். டக். மறுபக்கமிருந்து உருட்டினாள். அங்கேயும் டக். அவள் முகம் வெளுத்துவிட்டது.

உன் தகர டப்பாவைக் கொட்டி, கிடந்த பாயிண்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். வாசலில் பாட்டு தொடங்கிவிட்டது. துருப்பிடித்த ஒன்றில்தான், கையால் திருப்ப வேண்டிய ஒன்றில்தான், சக்கரம் சத்தமில்லாமல் போய்வந்தது. அதைப் பூட்டிவிட்டு, குடிலுக்குப் பின்னால் முழங்காலிட்டு நெம்புகோலைப் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் அதன்மேல் ஏறும்போது மூச்சுவிடப் பயமாக இருந்தது. ஏறியது, கடந்தது, குடிலைச் சுற்றி வந்தது. உன் மகள் அழுதாள். நானும்தான்.

எல்லோரும் போனபிறகு அவள் கையை நீட்டினாள். "அந்த அச்சு அப்பாக்கதுதானே மாமா, எனக்குத் தாங்க."

தரவில்லை. கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போகட்டும். வீடும் ரயிலும் அவளுக்கு. எனக்கென்று நீ விட்டுப்போனது இந்த இரண்டு சக்கரம்தானே.