வெளியே பூட்டிய வீடு

ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் உன் குட்டிப் பெண் சில்வண்டும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் பத்தாவது நிமிஷம் சண்டை வருகிறது, கடிதத்தில் என்றால் நாலு நாள் தள்ளியாவது வரும் என்று நீதான் சொன்னாய். அதனால் எழுதுகிறேன்.

சமூகப்பணிப் படிப்பில் இரண்டாம் ஆண்டு தொடங்கிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, மூன்று நாள் களப்பணி. என்னைக் குழந்தைகள் நல அலுவலகத்தில் போட்டிருக்கிறார்கள். மேசை கிடையாது. அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு நாற்காலி. யாராவது கோப்பு எடுக்க வந்தால் நான் எழுந்து நிற்க வேண்டும். நேற்று முப்பத்தொரு தடவை எழுந்தேன்.

மற்ற நேரமெல்லாம் வீடு வீடாகப் போகிறேன். திரும்பி வந்ததும் தாளின் நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் அவர்கள் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். வலப்பக்கம், அப்போது எனக்குள் என்ன ஓடியது என்று எழுத வேண்டும். வலப்பக்கம் நிரம்பி வழிகிறது. இடப்பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே வரிதான்: "எங்களுக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கோம்." போன வாரம் ஒரு அம்மா கதவைப் பாதிதான் திறந்தார்.

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லைங்க."

"புள்ள வளத்திருக்கியா?"

"இல்லைங்க."

"வளத்துட்டு வா. பேசுவோம்."

ஆகஸ்ட் முடிவதற்குள் ஒரு குடும்பத்தைப் பற்றி முழு ஆய்வு எழுதித் தர வேண்டும். தராவிட்டால் இந்த ஆண்டை மறுபடி படிக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு வேலையைப் பாதியில் விட்டவள். இதையும் விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கால் ஓரிடத்தில் தரிப்பதில்லை. பஸ்ஸுக்குக் காத்து நிற்கப் பொறுமையில்லாமல் நடந்தே போய்விடுகிறேன்.

பதில் போடு.

உன் வாலு


ஜூலை 1

அன்புள்ள வாலுவுக்கு,

சின்ன வயதில் தெருவில் எந்த வீட்டில் என்ன சண்டை என்று விசாரித்துக்கொண்டு வருவாய். அம்மா அதற்கு உன்னை அடித்தார். இப்போது அதையே பட்டப்படிப்பாக வைத்திருக்கிறார்களாம். உன்னைவிட யாருக்கு அது நன்றாக வரும்? பயப்படாதே.

கதவைப் பாதி திறந்த அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. நானாக இருந்தால் அந்தப் பாதியும் திறந்திருக்க மாட்டேன்.

இங்கே ஒரு குறையும் இல்லை, ஓட்டத்தைத் தவிர. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் என்னைப் பதினொன்றிலிருந்து ஏழு மணி ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். மூன்று மணிக்கு இருபது நிமிஷ இடைவேளை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வருவேன். பள்ளி வேன் சில்வண்டை வாசலில் இறக்கும். மாடியேற்றி, சாப்பிட எடுத்து வைத்து, கேஸை மூடி, வெளியே பூட்டிக்கொண்டு திரும்ப ஓடுவேன். ஏழேகாலுக்கு வந்து திறப்பேன். பூட்டுகிறேன் என்று முகம் சுளிக்காதே. பூட்டாமல் விட்ட முதல் நாள் சில்வண்டு மகாராணி என்னைத் தேடிக்கொண்டு பெரிய சாலையைத் தனியாகக் கடந்து, சலவைப் பிரிவு வாசலுக்கே வந்து நின்றாள். ஆறு வயது. அன்றிலிருந்துதான் பூட்டு.

உன் அத்தான் கப்பலிலிருந்து பேசினார். திரும்பி வர இன்னும் ஐந்து மாதம் ஆகும். இந்தப் பூட்டு விஷயம் அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உன் அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. சில விஷயங்கள் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

மாற்றுச் சாவி யாரிடமாவது இருக்கிறதா? ஒரு ஆபத்து என்றால் பிள்ளை யாரைக் கூப்பிடுவாள்? வீட்டுக்குள் போன் இருக்கிறதா? ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது? அந்த நாலு மணி நேரம் அவள் என்ன செய்கிறாள்? எப்போதாவது பயந்ததாகச் சொன்னாளா? உறவினர் யாராவது பார்த்துக்கொள்ள வாய்ப்பு உண்டா?

விவரமாக எழுது.

உன் வாலு


ஜூலை 18

அன்புள்ள வாலுவுக்கு,

கலெக்டர் அம்மாவின் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

மாற்றுச் சாவி தொலைந்துவிட்டது. போன் ஒன்றுதான், அது என்னிடம். ஜன்னல் தெருப்பக்கம், கம்பி போட்டது. எதிர்க்கடைத் தையல்காரர் அங்கிருந்து ஒரு கண் வைத்துக்கொள்வார். மகாராணி அவருக்கு ஜன்னலிலிருந்தே உத்தரவு போடுகிறாளாம்: "மாமா, அந்த நீலச் சட்டைக்கு மஞ்சள் பட்டன் வைக்காதீங்க, நல்லால்ல."

பயந்தாளா என்றால், ஒரு நாள் கரண்ட் போய்விட்டது. நான் திறந்தபோது கதவோடு ஒட்டி உட்கார்ந்து, "அம்மா வருவா, அம்மா வருவா" என்று சொல்லிச் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தாள். இருநூற்றுப் பத்து வரை வந்திருந்தாள். அவளுக்கு நூறுக்கு மேல் எண்ணத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உறவினர் என்று பார்த்தால், நீ ஒருத்திதான். நீ ஊரார் பிள்ளைகளைப் பார்க்கப் போயிருக்கிறாய். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாமே, பார்ப்போம். இது கிண்டல்தான், மூக்கை உறிஞ்சாதே.

உன் ஆய்வுக்குக் குடும்பம் கிடைத்ததா?

உன் அக்கா


ஆகஸ்ட் 14

அக்கா,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலு தாள் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்குக் குடும்பம் கிடைக்கவில்லை. பதினேழு வீட்டுக்குப் போனேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்ன ஒரே ஆள் நீதான். உன் இரண்டு கடிதங்களையும் வைத்து ஆய்வை எழுதினேன். பெயரை மாற்றினேன். சலவையைச் சமையல்கூடம் ஆக்கினேன். பயிற்சிதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

இன்று மாலை அலுவலகக் கூட்டத்தில் அதை வாசிக்கச் சொன்னார்கள். நன்றாக எழுதியிருக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமிதம்கூட இருந்தது. அதையும் மறைக்கவில்லை. இருநூற்றுப் பத்து வரை எண்ணியதை வாசித்தபோது, எங்கள் களப்பணியை மேற்பார்க்கும் மேடம் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இந்தப் புள்ள நம்ம ரெஜிஸ்டர்ல இருக்கா?"

"இல்ல மேடம். எனக்குத் தெரிஞ்ச குடும்பம். பேரை மாத்தியிருக்கேன்."

"பேரை மாத்திட்டே. பூட்டை மாத்தினியா?"

தாளைக் கீழே வைத்தேன்.

"இப்ப அந்தப் புள்ள எங்க இருக்கும்?"

சுவரில் மணி பார்த்தேன். நாலே கால். "பூட்டின வீட்டுக்குள்ள" என்றேன்.

"அப்ப இது ஆய்வு இல்லம்மா. புகார். விலாசத்தைச் சொல்லு."

போன வருஷம் இப்படிப் பூட்டிய ஒரு வீட்டில் மின்கம்பி புகைந்து, அண்டை வீட்டார் கதவை உடைத்துத் திறப்பதற்குள் ஒரு பிள்ளை இறந்துபோனது. அந்தக் கோப்பு என் நாற்காலிக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதை எடுக்க யாராவது வரும்போதெல்லாம் நான் எழுந்து நின்றிருக்கிறேன்.

விலாசத்தைச் சொல்லிவிட்டேன். அக்காவின் விலாசம் என்பதையும் சொல்லிவிட்டேன். உங்கள் ஊர் அலுவலகத்துக்கு மேடம் தகவல் அனுப்புகிறார்.

உனக்குப் போன் செய்திருக்கலாம். செய்திருந்தால் "வேண்டாம்டி" என்று சொல்லியிருப்பாய். நானும் எப்படியாவது அதைத் தடுக்கப் பார்த்திருப்பேன். அதனால்தான் செய்யவில்லை.

வாலு


ஆகஸ்ட் 21

வாலுவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. அவர்கள் திங்கட்கிழமையே வந்துவிட்டார்கள்.

ஒரு அலுவலர் அம்மா, கூட ஒரு பெண் போலீஸ். நாலரை மணி. தெருவில் நின்றுகொண்டு ஜன்னலைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். உன் மகாராணி பதில் சொல்லியிருக்கிறாள்: "சாவி அம்மாகிட்ட இருக்கு. அம்மா சாயங்காலம் வருவாங்க. நீங்க சட்டை தைக்க வந்தீங்களா?" தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. தையல்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு என்னைக் கூப்பிட ஓடி வந்தார். நான் கையுறையோடு ஓடினேன். பூட்டில் சாவியை நுழைக்க முடியவில்லை. அந்தப் போலீஸ் அம்மாதான் வாங்கித் திறந்தார்.

அலுவலர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டார். மாற்றுச் சாவி யாரிடம்? ஆபத்து என்றால் பிள்ளை யாரைக் கூப்பிடும்? வீட்டுக்குள் போன் உண்டா? ஜன்னல் எந்தப் பக்கம்?

உன் ஜூலைக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதே கேள்விகள். அதே வரிசை.

நீ கவலைப்பட்டுக் கேட்கிறாய் என்று நினைத்து நான் ஒவ்வொன்றுக்கும் சிரித்துச் சிரித்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பதினைந்து நாள் அவகாசம் தந்திருக்கிறார்கள். அதற்குள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் விடுதியில் சேர்க்க நேரிடும் என்றார். அவர்கள் போன பிறகு சில்வண்டு கேட்டாள், "நான் ஜன்னல்ல பேசினதாலயாம்மா வந்தாங்க?"

இல்லை என்றேன். யாரால் என்று சொல்லவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கையில் இருக்கிறது. கீழே வைக்கவும் முடியவில்லை, மறுபடி படிக்கவும் முடியவில்லை.

அந்தக் கேள்விகள் படிவத்தில் இருப்பவைதான். மனப்பாடம் ஆகியிருந்தன. உன்னைப் பற்றிய கவலையில் எழுத உட்கார்ந்தபோது அவைதான் வந்தன. அந்தக் கடிதத்தில் பாதி கவலை, பாதி படிவம். எது எந்தப் பாதி என்று இப்போது எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆய்வைத் திரும்ப வாங்கிவிட்டேன். நான் வந்துவிடட்டுமா? அத்தான் திரும்பும் வரை பிள்ளையோடு இருக்கிறேன். படிப்பு போனால் போகிறது. பையில் துணி எடுத்து வைத்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல், கிளம்பிவிடுகிறேன்.

உன் வாலு


செப்டம்பர் 12

அக்கா,

பதினைந்து நாள் தாண்டிவிட்டது. போன் எடுக்க மாட்டேன் என்கிறாய். மேடத்திடம் கேட்டேன். சொந்தக்காரி என்பதால் எனக்கு எதையும் சொல்லக் கூடாது என்றார். நியாயம்தான். தபால்காரர் வரும் நேரம் விடுதி வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

பிள்ளை உன்னோடு இருக்கிறாளா என்று மட்டும் எழுது. ஒரே வரி போதும்.

வாலு


அக்டோபர் 3

அன்புள்ள தங்கைக்கு,

பிள்ளை என்னோடுதான் இருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் அந்த அலுவலர் அம்மாவே பேசி, எனக்குக் காலை ஷிப்டு வாங்கிக் கொடுத்தார். ஆறு மணிக்குப் போய் இரண்டு மணிக்கு வருகிறேன். காலையில் தையல்காரரின் மனைவி பிள்ளையைக் கிளப்பி வேனில் ஏற்றுகிறார். இப்போது பூட்டுவதில்லை. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கக் கூடாது என்று வீம்பாக இருந்தேன்.

நீ செய்தது சரி. இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஐந்து வாரம் ஆகியிருக்கிறது. அந்தப் புகைந்த வீட்டைப் பற்றி நீ எழுதியதைத் தினமும் நினைக்கிறேன்.

வர வேண்டாம். படிப்பை விடாதே. நீ அந்த வேலைக்கு ஏற்றவள்தான், எனக்குச் சந்தேகமில்லை.

இந்தக் கடிதத்தை முதலில் ஆறு பக்கம் எழுதினேன். சலவைப் பிரிவில் நடந்த ஒரு கூத்து, உன் அத்தான் போனில் சொன்ன ஒரு விஷயம், எனக்குக் கொஞ்ச நாளாக இருக்கும் ஒரு பயம், எல்லாம் அதில் இருந்தது. உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். வேறு யாரோ படிப்பதுபோல் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். மிச்சம் இருப்பதை அனுப்புகிறேன்.

நாங்கள் இருவரும் நலம்.

அக்கா