சின்ன அறைக்கு நீல வால்பேப்பர்

நவம்பர் 5, செவ்வாய்

நான் வேலை செய்யும் பேக்கரிக்கு விடுமுறை. வாரத்தில் எனக்கென்று இருப்பது இந்த ஒரு செவ்வாய்தான். காலை ஏழு மணிக்கே சின்ன அறை வேலையில் இறங்கிவிட்டேன். கல்யாணமாகி ஆறு வருடமாக அது என் மாமியாரின் கிடங்கு. சுவோன் நகரத்தில் அத்தை வீட்டில் இடம் இல்லாததெல்லாம் இங்கேதான்: கால் ஒடிந்த மேசை, மூன்று மின்விசிறிகள், மாமாவின் தூண்டில் கழிகள். எல்லாவற்றையும் பால்கனிக்குத் தள்ளினேன். இனி அது என் தையல் அறை. கித்தேயிடம் முன்பே சொல்லியாகிவிட்டது. "சரி, பண்ணிக்கோ" என்றார், போனிலிருந்து தலை தூக்காமல். கட்டிய கணவர்!

சுவரிலிருந்து பழைய காகிதத்தை உரிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. ஜாஜாங்மியோன் நூடுல்ஸ் வரவழைத்து நின்றபடியே சாப்பிட்டேன். முதல் பட்டை கோணல். அப்புறம் கை பழகிவிட்டது. இப்போது நான்கு சுவரும் நீலம், ஆனால் தொப்பை தொப்பையாக உப்பி அசிங்கமாக நிற்கிறது. காய்ந்தால் இழுத்துக்கொள்ளுமாம். வால்பேப்பர் கடைக்காரர் ஒன்றுதான் சொன்னார்: "ஜன்னலைத் திறக்காதீங்க, பாய்லரைப் போடாதீங்க. தானா காயணும். அவசரப்பட்டா வெடிச்சிடும்."

கையெல்லாம் பசை. சந்தோஷமாக இருக்கிறது.

நவம்பர் 6, புதன்



வேலை முடிந்து வந்தால் தரை காலைச் சுடுகிறது. தரையைச் சூடாக்கும் பாய்லர் முப்பது டிகிரியில். சின்ன அறை ஜன்னல் விரியத் திறந்திருக்கிறது. மூலைகளெல்லாம் கிழிந்து, இணைப்புகள் வாயைப் பிளந்து... நான் பார்க்கப் பார்க்கவே ஒரு பட்டை 'டப்'பென்று வெடித்தது. கால் ஒடிந்த மேசை மறுபடியும் அறைக்குள்ளே.

ஃப்ரிட்ஜில் நாலு டப்பா புதுக் கிம்ச்சி, அத்தை போடும் முட்டைக்கோஸ் ஊறுகாய். வந்தது யார் என்று வேறு கேட்க வேண்டுமா?

அத்தைக்குப் போன் செய்தேன். "சுவரெல்லாம் ஒரே ஈரம்மா. பூஞ்சை பிடிச்சிடுமேன்னு சூடு வெச்சு, ஜன்னலத் தெறந்துட்டேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆள் வெச்சு ஒட்டியிருப்பேன்ல? அதுவும் இந்தக் கலரா? ஆஸ்பத்திரி மாதிரி!"

"சரிங்க அத்தை" என்றேன். சரிங்களாம்! என் நாக்கை அறுத்துப் போடணும்.

கித்தே சொல்கிறார்: "அம்மா நல்லதுக்குத்தானே செஞ்சாங்க. காகிதம்தானே, மறுபடி ஒட்டிக்கலாம்."

யார் ஒட்டறது? நீயா? எந்தச் செவ்வாய்க்கெழம?

எங்கள் வாசல் பூட்டின் எண் அத்தையின் பிறந்த நாள். அம்மாவுக்கு மறக்கக் கூடாதென்று குடிவந்த அன்றே மகன் வைத்தது. ஆறு வருஷமா மாமியார் பொறந்த நாளை அமுக்கி அமுக்கித்தான் என் வீட்டுக்குள்ள நானே போறேன். இத்தனை நாள் உறைக்கலையே — நான் என்ன ஜென்மம்?

நவம்பர் 8, வெள்ளி

கித்தேயோடு பேசவில்லை. கிம்ச்சியைத் தொடவில்லை. சரி, ஒரு துண்டு தின்றேன். நன்றாக இருந்தது. அதனால் இன்னும் எரிச்சல்.

நவம்பர் 12, செவ்வாய்

காலையில் பசை கரைப்பதற்கு முன்பே பூட்டின் கையேட்டைத் தேடி எடுத்தேன். எண்ணை மாற்ற இரண்டு நிமிடம். அவ்வளவுதான். பிறகு கிழிந்ததை உரித்துவிட்டு மறுபடி ஒட்டினேன்.

சாயங்காலம் கித்தே வெளியே நின்று பழைய எண்ணை மூன்று முறை அமுக்கினார். திறந்தேன்.

"பூட்டு கெட்டுப்போச்சா?"

"இல்ல. மாத்திட்டேன். புது நம்பர உங்களுக்கு மட்டும் சொல்றேன். அத்தைக்குப் போச்சுன்னா மறுபடி மாத்துவேன். அப்ப நீங்களும் வெளியதான்."

"அம்மா மனசு என்ன பாடுபடும்?"

"என் மனசு பட்டது கண்ணுல படலயா?"

 சாப்பிட்ட பிறகு மேசையைத் தூக்கிக்கொண்டு தானாகக் கீழே போனார். பெரிய சாமானை வீசக் காசு கட்டி ஒட்டும் கழிவுச் சீட்டை வாங்கி ஒட்டினாரா என்று நானும் கேட்கவில்லை.

நவம்பர் 16, சனி

காய்ந்துவிட்டது. ஒரு சுருக்கம்கூட இல்லை.

நவம்பர் 19, செவ்வாய்

காலை பத்தரை. சின்ன அறையில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் எண் அமுக்கும் சத்தம். தப்பு என்று பூட்டு கத்தியது. மறுபடி அமுக்கல், மறுபடி கத்தல். கித்தே அம்மாவிடம் வாயைத் திறக்கவில்லை என்பது அப்போதுதான் உறுதியானது. ஓடிப்போய்த் திறக்கச் சொல்லி உடம்பு துடித்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

 பிறகு அழைப்பு மணி.

வாசலுக்குப் போய், "யாரு?" என்றேன். யாரென்று தெரிந்தேதான் கேட்டேன்.

"நான்தாம்மா" என்றார் அத்தை. அப்புறம், "உள்ள வரலாமா?"