வனஜாவிடம் சொல்லாமல் விட்டது

ஜூலை 3, 1997
காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு. கீழ்ப் போர்ஷன் வனஜாவின் மகள் லாவண்யாவை இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்துப் பத்து நாளாகிறது. ஆறு வயதுப் பெண்ணுக்கு நெஞ்சு நடுவே அவ்வளவு நீளத் தையல்.

வனஜா போளூரிலிருந்து பெங்களூருக்கு, இந்த ஜோகுபாளையத்துக்கு வந்து எட்டு மாதம்தான், கன்னடம் வராது. கணவர் லாரியோடு ஹூப்ளி பக்கம். டாக்டருக்குத் தமிழ் வராது. நடுவில் நான்.

அவர் பேசப் பேச, வனஜா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாகச் சொன்னார்: இரண்டு வாரத்துக்குள் இதயத்தைச் சுற்றி நீர் கோக்கலாம், காய்ச்சலோ மூச்சிரைப்போ வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

"இன்னா சொல்றாரு அக்கா?" என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் நல்லா இருக்குங்கறாரு. நல்லா சாப்பிட வைக்கணுமாம்."

மீதியை நானே கவனித்துக்கொள்ளலாம். மாடியில்தானே இருக்கிறேன்.

ஜூலை 5
வனஜா மூன்று தடவை மேலே வந்தாள். தும்மினால் தையல் பிரியுமா? சிரிக்கிறாளே, சிரிக்கலாமா?

"சிரிக்கறதுக்கெல்லாம் டாக்டர் தடை போடல வனஜா."

அவளும் சிரித்துவிட்டாள். இவளிடம் போய் எப்படிச் சொல்வது?

ஜூலை 8
ஆடிட். வீடு திரும்ப எட்டு மணி. கீழே எட்டிப் பார்க்கவில்லை.

ஜூலை 9
இன்றும் அப்படியே.

ஜூலை 10
மாலையில் படியேறும்போது வனஜா கூப்பிட்டாள். "நேத்துலருந்து உடம்பு லேசா சுடுதுக்கா. படுக்கவும் மாட்டேன்றா. நீங்கதான் எல்லாம் நல்லா இருக்குன்னீங்களே, அதான் பயப்படல."

உள்ளே போனேன். குழந்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து. நேற்றிலிருந்து.

ஆட்டோ. அல்சூரில் ஒரே நெரிசல். குழந்தையின் உதடு வெளுத்திருந்தது.

ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். வெளியே வந்த டாக்டர் என்னைத்தான் பார்த்தார். காய்ச்சல் வந்தால் உடனே வரச் சொன்னேனே, இந்த அம்மாவிடம் சொல்லவில்லையா என்று கேட்டார்.

"இன்னா சொல்றாரு?" என்றாள் வனஜா.

"நேத்தே கூட்டிட்டு வந்திருக்கணும்ங்கறாரு."

சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். அவள் சுவரோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு — சீ.

ஜூலை 11
இன்னும் ஐசியூதான். நாளைக்குத்தான் எதுவும் சொல்ல முடியுமாம். இதை மட்டும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

ஜூலை 12
சொல்லிவிட்டேன். அன்று டாக்டர் சொன்னது, நேற்று முன்தினம் அவர் கேட்டது, எல்லாம்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"சொல்லியிருந்தா பயந்திருப்பேன். பயந்திருந்தா முழிச்சிருந்திருப்பேன்லக்கா."

அவ்வளவுதான். டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். அவள் பயப்படுவதைப் பார்க்கத் தெம்பில்லாதது எனக்குத்தானே? அதற்குக் குழந்தையா கிடைத்தது?

ஜூலை 14
காய்ச்சல் விட்டது. இட்லி கேட்டாளாம். ஹூப்ளியிலிருந்து வந்துவிட்ட வனஜாவின் கணவர் சொல்லித்தான் தெரியும்.

ஆகஸ்ட் 2
இன்று மறுபரிசோதனை. என்னைக் கூப்பிட மாட்டாள் என்றிருந்தேன். காலையில் வந்து, "ஆபீஸ் இல்லன்னா வர்றீங்களாக்கா?" என்றாள். கையில் ஒரு நோட்டு. "நீங்க சொல்ல வேணாம். அவரு சொல்றத அப்படியே எழுதிக் குடுங்க."

தமிழில் எழுதினேன். நீர் மறுபடி கோக்க வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது என்பதையும் எழுதினேன்.

வெளியே வந்ததும் அதைப் பிரிஜெட் சிஸ்டரிடம் நீட்டினாள். இரண்டாம் முறை சேர்த்தபோது அவளுக்குப் பழக்கமான தமிழ் நர்ஸ். "டாக்டர்கிட்ட கேட்டு, இது சரியான்னு சொல்லுங்க சிஸ்டர்."

நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் உள்ளே போய்த் திரும்பி வந்தார். "எல்லாம் இருக்கும்மா. ஒண்ணும் விடல."

வனஜா தலையாட்டினாள். அதற்குள் லாவண்யா மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்க ஆரம்பித்திருந்தாள். வனஜா அவளைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். குதிப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

குதிக்கலாமா என்று சிஸ்டரைக் கேட்டாள்.